ஆள் இல்லாத இடம்

அந்தப் பையில் கால் பட்டுவிடாமல் பார்த்துக்கொள் தாயி. உள்ளே போன் இருக்கிறது. ஆமாம், போன்தான். வீட்டில் மேஜைமேல் இருக்குமே, அந்த போன். துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். மடியில் வைத்தால் ரிசீவர் நழுவுகிறது, கீழே வைத்தால் கண்டக்டர் மிதிக்கிறார். விற்கக் கொண்டுபோகவில்லை. டவுனில் ரேடியோ ஸ்டேஷன் பெரிய ஆபீஸ் இருக்கிறதே, அங்கே காட்டத்தான். வாயால் சொன்னால் யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்கள். பொருளையே கொண்டுபோய் முன்னால் வைத்துவிட்டால்?

நீ எங்கே இறங்கணும்? கடைசி ஸ்டாப்பா. நல்லது. நானும் அங்கேதான்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை என் மகன் கூப்பிடமாட்டான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வீட்டில் போன் இல்லை, வெறும் வயர் சுவரில் தொங்குகிறது என்று நினைத்தால் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. அடுப்பையும் அணைத்தேனா என்று தெரியவில்லை. அணைத்திருப்பேன்.

எங்கள் பக்கம் வந்திருக்கிறாயா? செம்மண் தேரி, மேடு மேடாகச் சிவப்பு மணல். பஸ்ஸில் போகும்போதே ரேடியோ டவர் தெரியுமே, சிவப்பும் வெள்ளையுமாக. அதன் காலடியில் ஒரு ஓட்டு வீடு, ஒரு ஆட்டுக்கொட்டகை. அதுதான் என் வீடு. இப்போது யாரிடம் வழி சொன்னாலும் டவரைச் சொன்னால் போதும். முன்னால் என் வீட்டுக்கு வழி சொல்வது கஷ்டம். கேட்கவும் ஆள் வருவதில்லை, அது வேறு விஷயம்.

அந்த டவர் முதலில் டவுனுக்குள்தான் இருந்தது. சுற்றிலும் வீடு வந்துவிட்டதாம். கல்யாண மண்டபத்தில் மைக் போட்டால் அதில் ரேடியோ பாடுகிறதாம். தாலி கட்டுகிற நேரத்தில் மைக்கில் மீனவர்களுக்கான வானிலை அறிக்கை வந்தால் யார் சும்மா இருப்பார்கள்? ஆள் இல்லாத இடமாகப் பார்த்துக் கொண்டுபோய் வையுங்கள் என்று மேலே இருந்து உத்தரவு. அளக்க வந்தவர்கள் எங்கள் தேரிக்கு வந்தார்கள். சொரிமுத்து நாடார்தான் அந்த நிலத்துக்காரர். அவரிடம் கேட்டிருக்கிறார்கள், பக்கத்தில் யாராவது குடியிருக்கிறார்களா என்று. அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்தேன்.

"யாருமில்ல சார். ஒரே ஒரு பொம்பள, அவ்வளவுதான்."

எழுதிக்கொண்டார்கள். யாருமில்லை என்று எழுதினார்களோ, ஒரு பொம்பள என்று எழுதினார்களோ தெரியாது. வைத்துவிட்டார்கள்.

வைக்கும்போது நன்றாகத்தான் இருந்தது பார்க்க. பொய் சொல்லக் கூடாது. டவரை நிறுத்துவதற்கு முன்னால் மண்ணைக் கீறிக் கீறிச் செம்புக் கம்பி புதைத்தார்கள். நடுவில் இருந்து நாலாபக்கமும், வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி. எதற்கு இப்படிக் கம்பியை விதைக்கிறீர்கள் என்று கேட்டேன். "மேல நிக்கிறதுக்கு கீழ வேர் வேணும்லா" என்றான் ஒருத்தன். எல்லாருக்கும் மோர் கொடுத்தேன். சின்னச்சின்னப் பையன்கள், வெயிலில் வேலை செய்கிறார்கள். ஒருத்தன் நடை அப்படியே என் மகன் நடை. பின்னால் இருந்து பார்த்தால் நம்பிராஜன்தான். அவனுக்கு மட்டும் இரண்டு டம்ளர்.

நம்பிராஜன் என் மகன். ஒரே மகன். ஷார்ஜாவில் இருக்கிறான், ஏசி வேலை. அவன் அப்பா இறந்த பிறகு போனவன். நடுவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு அவளையும் கூட்டிப்போய்விட்டான். ஷீலா என்று பெயர். நல்ல பெண்தான். குறை சொல்ல மாட்டேன். இந்த போன் அவன் வாங்கித் தந்ததுதான். "யம்மா, நீ அங்க தனியா கெடக்க, ஒரு போனாவது இருக்கட்டும்" என்று அவனே எழுதிப்போட்டு, அவனே அலைந்து, போகிற அன்றைக்கு முந்தின நாள்தான் மாட்டினார்கள். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். அப்போதெல்லாம் எவ்வளவு நேரம் பேசுவான் தெரியுமா? ஆடு குட்டி போட்டதில் இருந்து எல்லாம் கேட்பான். "கருப்பி என்ன செய்யுதும்மா" என்பான். கருப்பி ஆடு. "அது ஒன்னத் தேடுதுடா" என்பேன். "ஆடு தேடுதா நீ தேடுதியா" என்று சிரிப்பான்.

டவர் வந்ததும் எல்லாம் போயிற்று.

முதலில் போனில்தான் வந்தது. ரிசீவரை எடுத்தால் ஒருத்தர் உர விலை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஹலோ ஹலோ என்கிறேன், அவர் பாட்டுக்குப் பொட்டாஷ் பற்றிச் சொல்கிறார். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தால் மறுபடி அவரே. பிறகு கொட்டகைத் தகரம் பேச ஆரம்பித்தது. சிரிக்காதே தாயி. நிஜமாகவே பேசியது. துருப்பிடித்த தகரம், அதில் துணி காயப்போடுகிற கம்பியைக் கட்டியிருந்தேன். கிட்டப்போய்க் காது வைத்தால், தகர டப்பாவுக்குள் ஆளை வைத்து மூடிய மாதிரி, செய்தி வாசிக்கிறது. காலையில் நான் பால் கறக்கும்போது செய்தி. ஆடுகளுக்குச் சாயங்காலம் பாட்டு. ஆடுகள் பழகிவிட்டன. பாட்டு நிற்கிற நேரத்தில் கருப்பி தலையைத் தூக்கித் தகரத்தைப் பார்க்கும்.

தகரம் பேசட்டும், போகட்டும். போன்தான் எனக்கு முக்கியம்.

முதல் வெள்ளிக்கிழமை நம்பி சிரித்தான். "யம்மா, என்ன வீட்டுல கச்சேரி வச்சிருக்கியா" என்றான். டவர் வந்த கதையைச் சொன்னேன். சத்தம் போட்டுப் பேசினான், நானும் சத்தம் போட்டுப் பேசினேன், பேசி முடித்தோம். அப்புறம் அப்புறம் அவனால் முடியவில்லை. "யம்மா ரேடியோ பாடுது, ஒண்ணும் கேக்கல, அடுத்த வாரம் கூப்பிடுதேன்." வைத்துவிடுவான். அவனையும் சொல்ல முடியாது. வேலை செய்து களைத்த பிள்ளை, லீவு நாளில் எவ்வளவு நேரம் கத்துவான்?

இதில் ஒன்று கவனித்தேன். அந்த டவருக்கு என்ன கண்ணோ தெரியாது. ஆடு எப்படி இருக்கிறது என்பான், கேட்கும். மழை பெய்ததா என்பான், கேட்கும். நான் "எப்ப வாரே" என்று கேட்பேன் பார், அந்த நேரம் பார்த்துத்தான் சத்தம் கூடும். "என்னம்மா? கேக்கல." "எப்ப வாரேன்னு கேட்டேம்பா." "கேக்கலம்மா, ரேடியோ பாடுது." ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அந்த ஒரு கேள்வியை மட்டும் அது கொண்டுபோய்ச் சேர்க்கவே இல்லை. கல்யாணம் ஆன கையோடு போனவன். வருஷம் போய்க்கொண்டே இருக்கிறது.

சரி, சும்மா இருந்தால் ஆகாது என்று டவருக்குக் கீழே இருக்கிற ஸ்டேஷனுக்கே போனேன். வேலியைச் சுற்றிப் போனால் கேட். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. "இது தடை செய்யப்பட்ட இடம்" என்றான். "நீ வருவதற்கு முன்னால் நான் இங்கே ஆடு மேய்த்தேன்" என்றேன். அந்தச் சத்தம் கேட்டு இன்ஜினியர் வெளியே வந்தார். தேவசகாயம் என்று பெயர். நாகர்கோவில் பக்கம். நரைத்த மீசை, மெதுவாகப் பேசுவார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார், கையில் பெட்டியோடு.

பார்த்துவிட்டு விளக்கமாகச் சொன்னார். நான் அஞ்சாவதோடு நின்றவள், எனக்கு என்ன புரியும். ஆனாலும் சொன்னார். போன் வயர் கம்பம் கம்பமாகத் தொங்கிக்கொண்டு வருகிறது, அந்த நீளத்துக்கு அது ரேடியோவைப் பிடிக்கிற ஏரியல் மாதிரி ஆகிவிடுகிறது, அதை வீட்டுக்குள் வராமல் மண்ணுக்குள் இறக்கிவிடணும். அவ்வளவுதான். ஒரு கறுப்பு வளையம், அதில் வயரைச் சுற்றி மாட்டினார். கொட்டகைத் தகரத்தை எல்லாம் ஒன்றோடு ஒன்று செம்புப் பட்டையால் இணைத்தார். வாசலில் குழி தோண்டச் சொல்லி, உப்பும் கரியும் போட்டு, குழாய் இறக்கி, அதில் இருந்து கம்பி.

"அம்மா, இது எர்த். இந்த மண்ணு காயக் கூடாது. தேரி மண்ணு சீக்கிரம் காஞ்சிரும். தினம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. ஊத்துனாத்தான் சத்தம் இறங்கும்."

"ஊத்துதேன் சார். எம் மவன் பேசணும்ல."

"எங்க இருக்காரு?"

"ஷார்ஜா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கூப்பிடுவான்."

"கூப்பிடட்டும். இனிமே நல்லாக் கேக்கும்" என்றார்.

ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. கொஞ்சம் குறைந்தது, கொஞ்சம் இருந்தது. இருக்கிறது என்று போய்ச் சொன்னால் மறுபடி வருவார். இன்னொரு வளையம் மாட்டுவார். நாற்காலியைத் துடைத்துப் போடுவேன். காப்பி குடிப்பார். சீனி குறைத்துப் போடுங்கள் என்பார். அவர் வருகிறார் என்றால் கொஞ்சம் முறுக்கு சுட்டு வைப்பேன். வேலை செய்ய வருகிற மனுஷர், வெறும் காப்பி மட்டும் எப்படிக் கொடுக்கிறது? கடைசியில் ஒருநாள் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. அவரும் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணுமே இல்லம்மா" என்றார். "லேசா இருக்க மாதிரி இருக்கே சார்" என்றேன். எதற்கும் சொல்லிவைப்போமே என்று. அவர் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, அடுத்த வாரம் இன்னொரு தடவ வந்து பாக்கேன்" என்றார். நல்ல மனுஷர். வேலையில் அவ்வளவு கெட்டி என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல மனுஷர்.

தகரமும் வாயடைத்துப்போயிற்று. எனக்கு நிம்மதி. ஆடுகள்தான் பாவம், கொஞ்சநாள் தேடின. சாயங்காலம் ஆனால் கொட்டகைக்குள் ஒரு மாதிரி வெறிச்சென்று இருக்கும் அல்லவா, அதற்குப் பழகிய ஜீவன்கள். அதற்காக ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வாங்கி ஆணியில் மாட்டினேன். ஆட்டுக்காகத்தான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலேயே இரண்டு குடம் ஊற்றிவிட்டேன், ஒன்று போதாதோ என்று. அன்றைக்கு டவருக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். இரண்டு பேர் கயிற்றைக் கட்டிக்கொண்டு உச்சியில் தொங்குகிறார்கள், கீழே இருந்து பார்த்தால் வேப்பங்கொட்டை அளவுக்கு. வாட்ச்மேன் வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் என்னோடு பேசுவான். "பொழுதடையுத வரைக்கும் ஸ்டேஷன் கெடயாது அக்கா. ஆளு மேல நிக்கும்போது ஆன் பண்ணுனா கரிக்கட்டதான்" என்றான். நான் டிரான்சிஸ்டரைத் திருகிப் பார்த்தேன். உண்மைதான். வெறும் காற்றுச் சத்தம்.

போன் அடித்தது.

"யம்மா" என்றான்.

தாயி, என்ன சொல்ல. அவ்வளவு பக்கத்தில். தலைமாட்டில் நின்று கூப்பிட்ட மாதிரி. அவன் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது. சளி பிடித்திருக்கிறது, அதுகூடத் தெரிந்தது. அவன் பின்னால் ஷீலா டம்ளரை வைக்கிற சத்தம். "சீக்கிரம் வைங்க, படத்துக்கு நேரமாச்சு" என்கிறாள். யாரிடமோ சொல்கிறாள். அந்த வீட்டில் வேறு குடித்தனமும் இருக்கிறது என்று முன்னால் சொல்லியிருக்கிறான்.

"சளி பிடிச்சிருக்காப்பா?"

"ஆமாம்மா, ஏசிதான். நீ எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன். ஒன் குரலு கணீர்னு கேக்குது. இன்ஜினியர் வந்து சரிபண்ணிட்டாரு. இனிமே ரேடியோ இல்ல."

அவன் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அவன் பேசாமல் இருப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது, பார்த்துக்கொள். சரி, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று கேட்டேன்.

"நம்பி, எப்ப வாரே?"

"என்னம்மா?"

"எப்ப வாரேன்னு கேட்டேன்."

"கேக்கலம்மா. ரேடியோ பாடுது."

"எனக்கு ஒரு சத்தமும் இல்லயேப்பா."

"எனக்கு ஒரேயடியா பாடுதும்மா. ஒண்ணும் வெளங்கல. அடுத்த வாரம் கூப்பிடுதேன், என்ன."

வைத்துவிட்டான். நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கு எட்டிப் பார்த்தேன். அந்த இரண்டு பேரும் இன்னும் மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதே தேவசகாயம் சாரிடம் ஓடினேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஸ்டேஷன் இல்லை, டிரான்சிஸ்டர் பாடவில்லை, எனக்குச் சத்தம் இல்லை, அவனுக்கு மட்டும் பாடியிருக்கிறது, அது எப்படி சார் என்று. அவர் கையில் இருந்த ஸ்பேனரை மேஜைமேல் வைத்தார்.

"நீங்க என்ன கேட்டப்போ பாடுச்சுன்னு சொன்னாரு?" என்றார்.

"எப்ப வாரேன்னு கேட்டேன் சார். எப்பவும் அப்பத்தான் பாடும்."

ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். பிறகு, "அப்படி ஆகுறது உண்டும்மா" என்றார். "கம்பியில பழைய சத்தம் கொஞ்சம் தங்கியிருக்கும். போகப்போகச் சரியாகும். நான் வந்து பாக்கேன்."

அவர் எழுந்து வந்து என்னை வாசல் கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அதற்கு முன்னால் அப்படிச் செய்ததில்லை. வழியில், "உங்களுக்குச் சொந்தக்காரங்க வேற யாரும் பக்கத்துல இல்லயாம்மா" என்று கேட்டார். சத்தத்துக்கும் சொந்தக்காரருக்கும் என்ன சம்பந்தம்? அவருக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. சொன்னபடி வந்தார். இன்னும் ஒரு வளையம் மாட்டினார். காப்பி குடித்தார். போகும்போது, "நீங்களா அவருக்குப் போன் போடுறது இல்லயா" என்றார். எனக்கு எதற்கு நம்பர், அவன்தான் கூப்பிடுகிறானே என்றேன். பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

போன மாசம் அவரை மாற்றிவிட்டார்கள். திருச்சிப் பக்கம் எங்கேயோ. சொல்லிக்கொள்ள வந்தார், நான் ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருந்தேன். திண்ணையும் இல்லாத வீடு, எங்கே உட்காருவார். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், "அந்த அம்மா தண்ணி ஊத்துறாங்களான்னு பாத்துக்க" என்று. புதிதாக வந்திருப்பது சின்னப் பையன். வந்தான், ஒரு மிஷினை வைத்துப் பார்த்தான். "லைன் சுத்தமா இருக்கு. இனிமே எங்ககிட்ட வராதீங்க" என்றான். காப்பிகூட வேண்டாம் என்றுவிட்டான்.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது தாயி. நான் ஒரு தடவை தண்ணீர் ஊற்றவில்லை. சொந்தத்தில் ஒரு துஷ்டி, சாவு வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள்தான் வந்தேன். அன்றைக்கு மண் காய்ந்திருக்கும். அதில்தான் உள்ளே ஏதோ ஏறி உட்கார்ந்துகொண்டது. இல்லை என்றால் அந்த ஊரிலும் இதே மாதிரி ஒரு டவர் இருக்கணும். ஷார்ஜாவிலும் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து வைத்திருப்பார்கள், அதுக்குப் பக்கத்தில் இவன் வீடு இருக்கும். அவன் வீட்டில் எர்த் போடணும். யார் போடுவார்கள்? அதைத்தான் பெரிய ஆபீஸில் கேட்கப்போகிறேன். இங்கே இருந்து அங்கே சொல்லி விடமுடியுமா என்று. இப்போது வெள்ளிக்கிழமைகூடச் சில சமயம் அவன் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டுப் பார்த்திருப்பான், பாடியிருக்கும், வைத்திருப்பான்.

இதோ, ரயில்வே கேட் தாண்டிவிட்டது. அடுத்தது பஸ் ஸ்டாண்டுதான்.

தாயி, உன்னிடம் ஒன்று கேட்கட்டுமா? நீ படித்த பெண். நீ போகிற இடத்தில் போன் பூத் இருக்கும் அல்லவா? ஒருநாள் என் நம்பருக்கு ஒரு போன் போடுகிறாயா? ரேடியோ பாடுகிறதா இல்லையா என்று மட்டும் நீ கேட்டுச் சொன்னால் போதும். வெளியாள் ஒருத்தர் சொன்னால்தான் இவர்கள் நம்புவார்கள். டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொள், நம்பர் சொல்கிறேன். என்ன பேசுவது என்று யோசிக்காதே. உன் வேலையைப் பற்றிப் பேசு, சாப்பிட்டதைப் பற்றிப் பேசு, எதையாவது பேசு. ஒரு வார்த்தையில் வைத்துவிட்டால் சத்தம் பிடிபடாது. கொஞ்சநேரம் பேசினால்தான் சரியாகத் தெரியும். நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எழுதிவிட்டாயா? திருப்பிப் படி. ஆ, சரிதான்.

எந்த நாளாக இருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் ஆட்டை அடைத்துவிட்டால் நான் போன் பக்கத்தில்தான் இருப்பேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் தாயி. அன்றைக்கு லைன் சும்மா இருக்கணும்.